இரண்டாவது அடி

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, திருப்போரூர் தெருவில் காவடிப் பூக்கள் லாரிச் சக்கரங்களில் நசுங்கிக் கிடந்தன.

லோடுமேன் சங்கத்துக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு தோப்பில் சவுக்கு வெட்டு நடப்பது ஊருக்கே தெரியும். மரம் ஏற்றிய லாரிகள் கொட்டகையைத் தாண்டித்தான் போயின. ஏற்றுவதற்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

"வெளியாளுங்கள வெச்சு ஏத்தறான்" என்றார் நூர்முகமது. சங்கத்துச் செயலாளர். அதிர்ந்து பேசமாட்டார். "காண்ட்ராக்டர் பேரு ஹரிகிருஷ்ணன். மறைமலைநகர்ல வூடு கட்டறவங்களுக்கெல்லாம் அவன்தான் சவுக்கு குடுக்கறான்."

"நம்மள தாண்டிதானே போவுது லாரி. ஒரு டாட்டா காட்டிட்டுப் போச்சொல்லு" என்றான் ஏசுதாஸ்.

பக்தவத்சலம் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். அவன் எழுந்தால் அடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த வட்டாரத்தில் எந்த லாரியில் எந்தச் சுமை ஏறினாலும் சங்கத்து ஆள்தான் ஏற்ற வேண்டும். இது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. மீறி ஏற்றுகிறவன் கருங்காலி. அவனை அடித்துத் துரத்துவது பக்தவத்சலத்தின் பொறுப்பு. அதற்கு அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு அடி. வாங்கியவன் ஓடுவான். ஓடுகிறவனைத் தொடக் கூடாது. இத்தனை வருடத்தில் அவன் யாரையும் இரண்டாவது முறை அடித்ததில்லை. எல்லை தாண்டி ஏற்ற வந்த செங்கல்பட்டு கூட்ஸ் ஷெட் சுப்பிரமணிக்கு முன்பல் இரண்டு போனதுகூட ஒரே அடியில்தான்.

டெம்போவில் ஐந்து பேர் போனார்கள். தார்ச் சாலை முடிந்து மணல் வந்தது. கடல் கண்ணில் படவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. தோப்பு பாதி மொட்டையாகியிருந்தது. பாதிச் சுமையோடு ஒரு லாரி நின்றது. ஆணும் பெண்ணுமாகச் சிலர் மரம் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். புல்லட் வண்டியில் சாய்ந்தபடி மேஸ்திரி ஒருவன் பீடி குடித்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்தும் அவன் அசையவில்லை.

முன்னால் வந்தவன் ஒல்லி. தோளில் மரம். பக்தவத்சலம் வழியை மறித்தான்.

"எறக்குடா."

அவன் இறக்கவில்லை. சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். பக்தவத்சலம் கீழே கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்துத் தொடையில் போட்டான். அவன் முழங்கால் மடங்கியது. தோளில் இருந்த மரம் விழவில்லை. எழுந்தான். நடந்தான். மரத்தை லாரிக்குள் தள்ளினான். அடுத்த மரத்தை எடுக்கத் திரும்பி வந்தான்.

பக்தவத்சலம் அவன் ஓடுவதற்காகக் காத்திருந்தான்.

"அண்ணாத்த, உன் அடிக்கு மவுசு போச்சு" என்றான் ஏசுதாஸ். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஒல்லி மனிதன் குனிந்து மரத்தைப் பிடித்தான். பக்தவத்சலம் அவன் முன்கையில் அடித்தான். முறியும் சத்தம் கேட்டது. கட்டைதான் முறிந்துவிட்டது என்று நினைத்தான். கட்டை முழுசாகக் கையில் இருந்தது.

அந்த மனிதன் மணலில் உட்கார்ந்தான். கத்தவில்லை. இடக்கை மணிக்கட்டுக்கு மேலே தப்பான இடத்தில் வளைந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு வலக்கையால் மரத்தின் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

ஒரு பெண் ஓடி வந்து மறுமுனையைத் தூக்கினாள்.

"சாமி, அடிக்கறதுன்னா அப்புறம் வந்து அடி. உச்சிக்குள்ள ஏத்தி முடிக்கணும்."

மேஸ்திரி பீடியைக் காலில் நசுக்கினான்.

"இன்னும் ரெண்டு போடு அண்ணாத்த. எருமத் தோலு. ஒண்ணு ரெண்டுலல்லாம் ஒறைக்காது."

சிரிப்பு நின்றது. பக்தவத்சலம் கட்டையைக் கீழே விட்டான். அடி வாங்குகிறவனுக்குப் பக்கத்தில் அவனுடைய மேஸ்திரியே நின்று இன்னும் போடு என்று சொன்னதை அவன் கேட்டதே இல்லை.

நூர்முகமது அந்தப் பெண்ணிடம் போனார். "இன்னாம்மா இது. கை ஒடஞ்சு கெடக்கறான். வுட்டுட்டு ஓட வேண்டிதுதானே?"

"எங்க ஓடறது? எம் பொண்ணு காண்ட்ராக்டர் வூட்ல கீது."

அவள் பெயர் வேண்டா. கை உடைந்தவன் அவள் புருஷன் கன்னியப்பன். திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் ஏரிக்கரையில் இருக்கும் இருளர்கள். மாமனார் காலத்தில் வாங்கிய முன்பணத்துக்கு மூன்று குடும்பம் வேலை செய்தது. ஒரு தோப்பு வெட்டி முடிந்தால் காண்ட்ராக்டர் லாரியிலேயே அடுத்த தோப்புக்குக் கொண்டுபோய் இறக்குவான். சந்தைக்குப் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. போன வருஷம் ஒருத்தன் ஓடினான். அவன் பெண்சாதியை எல்லோர் எதிரிலும் லாரியில் கட்டி வைத்து அடித்தார்கள். அவனே திரும்பி வந்துவிட்டான்.

"வூட்டு வேலைக்குன்னு எந்தங்கச்சி பொண்ண கூட்டிம் போனான். அத்த ரயிலேத்தி அனுப்பிட்டான். போன எடம் தெர்ல. இப்ப எம் பொண்ண வெச்சிகினு கீறான். பேரு அஞ்சல. லோடு கொறைஞ்சா அதுவும் ரயிலுதான்னான். எங்களுதுல ரெண்டு பேருக்கு ஜொரம், லோடு நின்னு போச்சு. இன்னிக்கு உச்சிக்குள்ள மூணு லாரி போவணும்." அவள் லாரியைப் பார்த்தாள். "இது ரெண்டாவது. நீங்க வந்துட்டீங்க."

ஏசுதாஸ் தலையைச் சொறிந்தான். பக்தவத்சலம் கன்னியப்பனின் கையைப் பார்க்காமல் இருக்க லாரியின் சக்கரத்தைப் பார்த்தான்.

மேஸ்திரி நடந்து வந்தான். நூர்முகமதின் தோளில் கை வைத்தான்.

"இதுங்க கதையெல்லாம் கேட்டா விடியாது பாய். உங்களுக்கு லோடுதானே வேணும்? நாளையிலேர்ந்து உங்காளுங்களே ஏத்தட்டும். நான் காண்ட்ராக்டர்கிட்ட பேசறேன். இன்னிக்கு மட்டும் கண்டுக்காம போ."

வந்த காரியம் அதுதான். கட்டை எடுத்துக்கொண்டு வந்ததே அந்த வார்த்தைக்காகத்தான். நால்வரும் நூர்முகமதைப் பார்த்தார்கள். அவர் தோளில் இருந்த கையை எடுத்துக் கீழே விட்டார்.

"பொண்ணு எங்க?"

"வூட்ல கீது பாய். பத்திரமா கீது."

"வூட்ல கீற பொண்ண கூட்டிம் போறதுக்கு எங்களுக்கு வழி சொல்லு."

மேஸ்திரிக்கு அலுத்துவிட்டது. புல்லட்டை நோக்கி நடந்தான். "வூட்ல இல்ல, போ. காலையிலயே காருல கூட்டிகினு பூட்டாரு. லோடு ஏறுனாலும் ஏறாட்டியும் அது போறதுதான். இப்ப இன்னா பண்ணுவ?"

வேண்டாவின் கையிலிருந்து மரம் விழுந்தது. காலையிலிருந்து விழுந்த முதல் மரம் அதுதான்.

பக்தவத்சலம் மேஸ்திரியின் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்தான். புல்லட் அவன்மேல் சரிந்தது. சைலன்சர் கெண்டைக்காலை மணலோடு அழுத்தியது. பக்தவத்சலம் வண்டியை நிமிர்த்தவில்லை. முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்தது. மறுபடி குத்தினான். எத்தனை என்று நினைவில்லை. இரண்டாவது அடி கிடையாது என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது.

"எங்க கூட்டிம் போனான்?"

"தெரியாது."

"எங்கடா?"

"என்ன கொன்னாலும் தெரியாது." மேஸ்திரி ரத்தத்தைத் துப்பினான். ஹரிகிருஷ்ணனைக் காட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். இவர்களால் அதைவிடப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்றும் தெரியும்.

வேண்டா வந்தாள். அவள் கையில் கோடாலி இருந்தது. யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை. மேஸ்திரியின் வலது பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிமரம் இருந்தது. அவன் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். மரத்தை வெட்டுகிறவள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். கோடாலியை ஓங்கும்போது அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

கோடாலி இறங்கியது. செருப்பின் முனை தனியாக விழுந்தது. சுண்டு விரல் அதற்குள் இருந்தது.

மேஸ்திரி அலறினான். அவள் இரண்டாவது முறை ஓங்கினாள்.

"செங்கல்பட்டு" என்றான். "செங்கல்பட்டு டேசன். அரக்கோணம் பாசஞ்சரு. அங்கேர்ந்து பம்பாய் ரயிலு. மதியானம் வண்டி."

அவள் கோடாலியை மணலில் துடைத்தாள். "இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ஏசுதாஸ் தள்ளிப்போய் வாந்தி எடுத்தான்.

லாரி டிரைவர் அதுவரை கேபினில் இருந்தான். இறங்கி வந்து சாவியை நூர்முகமதிடம் கொடுத்தான். "எனக்கு எதுவும் தெரியாது பாய். வாடக வண்டி. நான் ஓட்டல. அவ்ளோதான்."

ஏசுதாஸையும் இன்னொருவனையும் தோப்பில் விட்டார்கள். மேஸ்திரியை மரத்தில் கட்டி, காலுக்குத் துணி சுற்றினார்கள். கன்னியப்பனின் கையை நூர்முகமதின் துண்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். அவனையும் வேண்டாவையும் ஏற்றிக்கொண்டு டெம்போ கிளம்பியது.

கடற்கரைச் சாலையில் மேரியின் எஸ்.டி.டி. பூத் இருந்தது. மாமல்லபுரத்துக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் வண்டியை நிறுத்தி அங்கே பேசுவார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்க முடியாது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நூர்முகமது செங்கல்பட்டு கூட்ஸ் ஷெட் டீக்கடைக்குப் போன் போட்டார். சுப்பிரமணியைக் கூப்பிடச் சொன்னார். ரிசீவரை பக்தவத்சலத்திடம் நீட்டினார்.

"நீதான் பேசணும்."

"நீ பேசு பாய்."

"அவன் பல்லு போனது உன்னால, என்னால இல்ல. நான் பேசுனா வெச்சிருவான்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது.

"யாரு?"

"பக்தா. திருப்போரூரு."

 சுப்பிரமணிதான் பேசினான். முன்பல் இல்லாததால் வார்த்தை காற்றோடு வந்தது. "இன்னா மச்சான். மண்ண தோண்டி என் பல்லுங்கள எட்த்துட்டியா? பார்சல் அனுப்பப் போறியா?"

பக்தவத்சலம் சொன்னான். ஹரிகிருஷ்ணன், பெண், அரக்கோணம் பாசஞ்சர். அவ்வளவுதான் சொல்ல இருந்தது. நிறுத்தினான். பிறகு, "அவங்கள கருங்காலின்னு நெனச்சி அவ அப்பன் கைய நாந்தான் ஒடச்சேன்" என்றான்.

"அது தெரிஞ்ச விசயம்தானே. நீ ஒடைக்காம வேற இன்னா பண்ணுவ?"

"வண்டிய வுடாத சுப்பிரமணி."

"எனக்கு இன்னா கெடைக்கும்?"

"நான் வந்துகினே கீறேன். பல்லு கணக்க தீத்துக்க. கைய தூக்க மாட்டேன்."

"ஓடவும் கூடாது."

"ஓட மாட்டேன்."

லைன் போய்விட்டது.

மேரி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். டெம்போவில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனையும் பார்த்தாள். "போலீசுக்கு போடட்டுமா?" என்று நூர்முகமது கேட்டதும் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"இங்க இருக்கற டேசன்ல சொன்னா அவங்க மொதல்ல காண்ட்ராக்டருக்குத்தான் சொல்வாங்க. கொத்தடிமைன்னா சப்-கலெக்டர்தான் வரணும். எங்க சர்ச் பக்கம் ஒரு செங்கல் சூளைல அவருதான் வந்து எல்லாரையும் வெளிய வுட்டாரு." அவளே நம்பரை அழுத்தினாள்.

செங்கல்பட்டு சப்-கலெக்டர் ஆபீசில் எடுத்தவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

"எழுதித் தரேன் சார். இப்ப ஜீப்ப அனுப்புங்க" என்றாள் மேரி. "தோப்புக்கு ஒண்ணு, ரயில்வே டேசனுக்கு ஒண்ணு. எம்பேரு மேரி. பூத்து நம்பர் எழுதிக்கங்க. நீங்க அனுப்பற வரைக்கும் நான் போட்டுகினே இருப்பேன் சார், எனக்கு வேற வேல இல்ல."

வைத்தாள். மறுபடியும் அதே நம்பரை அழுத்தினாள். டெம்போ திரும்பும்போதும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனார்கள். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் கன்னியப்பனின் உடம்பு விறைத்தது. பக்தவத்சலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்த கை ஆடாமல் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். கை சூடாக இருந்தது, வீங்கித் துண்டை நிரப்பியிருந்தது. கன்னியப்பன் இழுத்துக்கொள்ளவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"ரயில நிறுத்திருப்பாங்களா சாமி?" என்று மட்டும் கேட்டான்.

"சாமின்னு கூப்டாத" என்றான் பக்தவத்சலம்.

"வேற எப்டி கூப்டறது?"

பக்தவத்சலம் உடைந்த கையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றது. நான்கு டயரிலும் காற்று இல்லை. பிளாட்பாரத்தில் அரக்கோணம் பாசஞ்சர் நின்றிருந்தது. என்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தில் கூட்ஸ் ஷெட் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்து விசிறிக்கொண்டிருந்தார்கள். என்ஜின் டிரைவர் ஜன்னலில் கை ஊன்றி அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல்தோறும் தலைகள். சிலர் திட்டினார்கள். கூடைக்காரி ஒருத்தி இறங்கி வந்து, எதற்கு என்று கேட்டு, அவளும் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சிமெண்டு பெஞ்சுக்குக் கீழே ஹரிகிருஷ்ணன் கிடந்தான். வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒரு கண் மூடிவிட்டது. காது கிழிந்து தொங்கியது. சுமை தூக்கும் இரும்புக் கொக்கியை ஒருவன் அவன் காலர் வழியாக விட்டு பெஞ்சோடு மாட்டியிருந்தான். நகர்ந்தால் கொக்கி கழுத்தில் கிழிக்கும். ரயில்வே போலீஸ்காரர் இருவர் தூணருகே நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்கள்.

"அக்கா பொண்ணுன்னான்" என்றான் சுப்பிரமணி. "உங்கம்மா பேரு இன்னான்னு பொண்ண கேட்டோம். அதுக்கு இவன் பதில் சொன்னான். பொண்ணு பேர கேட்டோம். அதுக்கும் இவனே சொன்னான். ஒன் வாய் எதுக்கு இவ்ளோ வேல செய்யுதுன்னு கேட்டு, கொஞ்சம் லீவு குடுத்தோம்."

ஹரிகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சுப்பிரமணியின் ஆள் ஒருவன் அவன் விரல்மேல் காலை வைத்து அழுத்தினான். வாய் மூடியது.

அஞ்சலை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கலாம். புதுப் பாவாடை, தலை நிறையப் பூ. இரண்டும் ஹரிகிருஷ்ணன் வாங்கிக் கொடுத்தவை. யாரோ கொடுத்த பன்னைக் கையில் வைத்திருந்தாள், தின்னவில்லை. வேண்டா ஓடிப்போய் அவள் தலையில் இருந்த பூவைப் பிய்த்துத் தண்டவாளத்தில் எறிந்தாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

ஜீப் வந்தது. வேட்டி கட்டிய குமாஸ்தா ஒருவரும், இளவயது அதிகாரி ஒருவரும் இறங்கினார்கள். தோப்புக்கு வேறு ஜீப் போயிருப்பதாக நூர்முகமதிடம் சொன்னார்கள். யாரோ ஒரு பெண் காலையிலிருந்து போனை வைக்கவே விடவில்லை என்று குமாஸ்தா குறைப்பட்டுக்கொண்டார். ஹரிகிருஷ்ணனின் காலரிலிருந்து கொக்கியை எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. ரயில்வே போலீஸ்காரர்கள் அவனை அந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தண்டவாளத்தில் இருந்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். ரயில் நகர்ந்தது.

சுப்பிரமணி பக்தவத்சலத்தைப் பார்த்தான்.

"வா."

"இங்கியா?"

"அன்னிக்கு என்ன எங்க அடிச்ச? எல்லார் முன்னாடியும்தானே?"

பக்தவத்சலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். முதல் அடி தாடையில் விழுந்தது. காதுக்குள் ரயில் போகும் சத்தம் கேட்டது. ரயில் அதற்குள் போயிருந்தது. நின்றான். கால் தானாக ஓடப் பார்த்தது. ஓட எவ்வளவு ஆசையாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்படிக் கடித்தது தப்பு. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. முழங்கால் மடங்கியது. எழுந்தான். சுப்பிரமணி கையை உதறிக்கொண்டான். விரல் முட்டியில் பல் பதிந்து ரத்தம் வந்தது.

"போதும்" என்றான் சுப்பிரமணி. "ரெண்டு பல்லுக்கு ரெண்டு அடி."

பக்தவத்சலம் குனிந்து துப்பினான். ரத்தத்தோடு ஒரு பல் மட்டும் விழுந்தது.

"இன்னொண்ணு நிக்குது" என்றான்.

"வெச்சுக்க. நாஸ்தா துன்ன வேணும்."

யாரும் சிரிக்கவில்லை. சுப்பிரமணி தன் துண்டை அவன்மேல் எறிந்துவிட்டு ஷெட்டுக்கு நடந்தான்.

டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான் பக்தவத்சலம். துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். அந்தப் பக்கம் கன்னியப்பன், இந்தப் பக்கம் அவன். நடுவில் அஞ்சலை. ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் திரும்பி வரவேண்டும். வேண்டா அதிகாரியிடம் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று குடும்பத்துப் பேரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரயிலில் போன தங்கச்சி மகள் பேரையும் சொன்னாள். அந்தப் பேரை எழுதிக்கொள்ளும் வரை குமாஸ்தாவின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சலை பன்னைப் பிட்டாள். பாதியை அப்பனின் நல்ல கையில் வைத்தாள். மீதியைப் பக்தவத்சலத்திடம் நீட்டினாள். அவன் வாயைக் காட்டினான். தின்ன முடியாது. அவள் குனிந்து அவன் உதட்டைப் பார்த்தாள்.

"உன்ன யாரு அடிச்சது?"

அவன் ஷெட்டைக் காட்டினான். சுப்பிரமணியின் முதுகு தெரிந்தது.

"அந்தாளா? எனக்கு பன்னு வாங்கிக் குடுத்தாரே." அவளுக்கு அது புரியவில்லை.  அப்பன் பக்கம் திரும்பினாள். துண்டில் தொங்கிய கையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வீக்கத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். கன்னியப்பன் விறைத்தான். பக்தவத்சலம் துண்டை வாயிலிருந்து எடுத்தான்.

"நைனா, உன்ன யாரு அடிச்சது?"